உன் கணினியில் முப்பத்திரண்டு இருந்தது

இன்று காலை உன் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தேன். அரக்கு நிறம். பாதிக்குமேல் காய்ந்துவிட்டது. மூடி ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. துணியைச் சுற்றித் திருகியதும் அந்த வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது கல்யாணத்துக்குக் கிளம்பும் பெண்களின் வாசமாக இருக்கலாம். எனக்கு அது பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசைமேல் படுக்க வைத்த கணினியின் வாசம். சரஸ்வதி பூசைக்குச் சாமான்களைத் துடைக்க உட்கார்ந்தவள், துணியை ஓரமாகப் போட்டுவிட்டு உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். முதல் கோபம் உன்மேல்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணினியின் விசிறி கொஞ்சம் இரைந்தால் போனிலேயே "எத்தன டிகிரி காட்டுது? சரியா பாத்துச் சொல்லு லா" என்று உயிரை வாங்குகிறவள் நீ. அப்படிப்பட்டவள் உன் உடம்பு நாலு நாள் அனலாகக் கொதித்தபோது இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தியின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாய். டெங்கி என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது. அங்கேயும் உன் புத்தி மாறவில்லை. தாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத் தட்டணு நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேட்டு எனக்கு அனுப்பினாய். "கொறையுது லா" என்று வந்த செய்திதான் கடைசி. எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அதை என் போனிலிருந்து அழிக்கவில்லை.

நாம் பேச ஆரம்பித்ததே எண்களை வைத்துத்தான். பிரிக்பீல்ட்ஸில் அந்த அச்சகத்தில் நான் கல்யாண அழைப்பிதழ் வடிவமைத்தேன், நீ புகைப்பட ஆல்பம் செய்தாய். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறுவேன். நீ காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு அதே ரயிலைப் பிடிப்பாய். சேர்ந்து உட்கார இடம் கிடைத்த முதல் நாளே நீ கேட்டாய்.

"வீட்டுல என்ன மெஷின் வெச்சிருக்க?"

"நாலு" என்றேன்.

"நாலா? நாலு ஜிபிய வெச்சிக்கிட்டா கார்டு டிசைன் பண்ற? பாவம் லா அந்த மெஷின்."

அடுத்த மாதம் நான் மெமரியை எட்டுக்கு ஏற்றினேன். அதற்கடுத்து நீ பதினாறு என்றாய். பிறகு பிராசசர், பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இடப்பக்கம் உன் கணினி, வலப்பக்கம் என் கணினி என்று பென்சிலால் எழுதி, ஒன்று ஏறும்போதெல்லாம் அழித்து மாற்றி எழுதினோம். கூட்ட நெரிசலில் நின்றுகொண்டே "எனக்கு எட்டு, உனக்குப் பதினாறு, பொறு, தீபாவளிக்குள்ள நானும் ஏத்திக் காட்டறேன்" என்று சண்டை போடுவோம். ஷா ஆலமில் ஏறும் ஓர் அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைலம்மா நக வாங்கறீங்க? சேதாரம் எவ்வளவு போடறான்?" என்று ரகசியமாகக் கேட்டாரே. நீ முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், "சேதாரமே இல்ல ஆன்டி, ஆனா கல்லு கெடையாது" என்றாய். அந்த அம்மா கடைசிவரை நம்மைப் பணக்காரிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தை மூடியபின் இருவரும் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தோம். நீ கல்யாணம், சடங்கு என்று வீடியோ எடிட்டிங்கில் இறங்கினாய். பதினாறு உனக்குப் போதவில்லை. எனக்குப் போதும். ஆனால் நீ ஏறினால் நான் சும்மா இருப்பேனா? கோலாலம்பூரில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு இருவரும் போனோம். இந்தக் கோபக் கதைக்கு விதை விழுந்தது அன்றைக்குத்தான்.

கடையில் நின்ற இளைஞன் நம் இருவரையும் மேலிருந்து கீழே பார்த்தான். என் கையில் காய்கறிப் பை வேறு இருந்தது. "ஆன்டி, வீட்டுக்குத்தானே? படம் பாக்க, பேஸ்புக் பாக்க எட்டே தாராளம் ஆன்டி. இதெல்லாம் கேம் வெளையாடறவங்களுக்கு" என்றான்.

"தம்பி, நாலு கேமரால எடுத்த கல்யாணத்த நான் எடிட் பண்றேன். ஒங்க கல்யாணத்துக்கு எட்டுலயே பண்ணித் தரவா? தாலி கட்டும்போது நின்னு போச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது."

அவன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒவ்வொரு பெட்டியிலும் பதினாறு பதினாறாக இரண்டு மெமரித் தகடுகள். ஆளுக்கு ஒரு பெட்டி. "ஜோடி ஜோடியா டெஸ்ட் பண்ணி வர்றது ஆன்டி. ஜோடியைப் பிரிச்சிடாதீங்க" என்று அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தையை நீ ரயிலில் ஏறுவதற்குள் மறந்துவிட்டாய். மறக்கவில்லை, வேண்டுமென்றே செய்தாய். இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துப் பிரித்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று எடுத்து என் கையில் கொடுத்தாய்.

"அவன் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னானே" என்றேன்.

"பிரச்சன வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். அப்பத்தான் ஒருத்திய ஒருத்தி கேலி பண்ண முடியாது."

தீபாவளிக்கு ஒரே துணியில் இருவருக்கும் ரவிக்கை தைத்துக்கொள்வோமே, அதே கணக்கு உனக்கு. விஷயம் தெரிந்தவர்கள் யாரும் ஜோடியை இப்படிப் பிரிக்க மாட்டார்கள். இரண்டு கணினிகளும் அன்று மாலையே ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஓடின. நீ கொப்பியில் இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு என்று எழுதினாய். அதைப் பென்சிலால் எழுதாமல் பேனாவால் எழுதினாய். பக்கத்திலேயே நாலு தகடுகளின் எண்களையும் குறித்து வைத்தாய். ஒரே பெட்டியில் வந்தவற்றுக்கு அடுத்தடுத்த எண்கள். பதினேழில் முடிவது எனக்கு, பதினெட்டு உனக்கு. ஐம்பத்து மூன்று உனக்கு, ஐம்பத்து நாலு எனக்கு.

பொட்டு வைக்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் முட்டாள்தனம். ஒரு சரஸ்வதி பூசைக்கு, அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் வைப்பதுபோல என் கணினியின் விசிறிக்கும் பக்தியோடு ஈரச் சந்தனம் பூசிவிட்டேன். கணினியைப் போட்டவுடன் விசிறி சுவரெல்லாம் சந்தனத்தைத் தெளித்தது. மிச்சம் உள்ளே போய்க் காய்ந்து ஒரு மாதம் வீடே ஊதுபத்திக் கடை மாதிரி மணந்தது. நீ கிள்ளானுக்கு வந்து தூரிகையும் ஊதுகுழலுமாக அரைநாள் துடைத்தாய், திட்டிக்கொண்டே. மறுவருடம் இந்த நகப்பூச்சுக் குப்பியோடு வந்தாய்.

"இது காஞ்சா கொட்டாது. சாமிக்குப் பொட்டும் ஆச்சு, நம்ம சாமானுக்கு அடையாளமும் ஆச்சு. கடையில குடுத்தா மாத்திடுவானுங்க. எதையும் மூடின படியே நம்பாத. தெறந்து பாரு."

மெமரித் தகட்டின் ஓரத்தில், உள்ளே செருகும் தங்க நிறப் பற்களில் படாமல், கடுகளவு பொட்டு. வருடா வருடம் இரண்டு வீட்டிலும் வைத்தோம். போன வருடம் காப்பாரில் உன் கணினியைத் திறந்து, பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு வைத்தது நான்தான். முப்பத்திரண்டும் இருந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அதனால்தான் போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துக்கொண்டது.

"ஒங்க கூட்டாளி மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா" என்றார். நீ போனபின் மாதக்கணக்கில் அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு போட்டுப் பார்த்தால் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. கிள்ளானில் ஒரு கடையில் துடைக்கக் கொடுத்திருக்கிறார். துடைத்து வந்ததிலிருந்து ஆமை வேகமாம். திரும்பப் போய்க் கேட்டால், ஸ்பெக் கம்மி அங்கிள், உள்ளே எட்டுதான் இருக்கிறது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார்களாம்.

"எட்டா?" என்றேன்.

"ஆமா, கண்ணு முன்னாலயே காட்டினான். இவ என்னடான்னா முப்பத்திரண்டு முப்பத்திரண்டுன்னு வாழ்நாள் பூரா என் காதுல ஓதினா. சும்மா கத விட்டிருக்கா போல" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். உன்னை நினைத்து ஆசையாகத்தான் சிரித்தார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடியவன் திருடியதோடு நிற்காமல், உன்னை உன் வீட்டிலேயே பொய்க்காரி ஆக்கிவிட்டான். பதில் சொல்ல நீ இல்லை என்ற தைரியம். வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவள் நீ. உன் வயதையே சரியாகச் சொல்வாய்.

மறுநாள் காப்பாருக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். உள்ளே கையகலத் தூசுகூடத் துடைத்திருக்கவில்லை. இரண்டு நாலு ஜிபித் தகடுகள், ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி. பொட்டு இல்லை. பவர் சப்ளையில் உன் பொட்டு இருந்தது, எஸ்எஸ்டியில் இருந்தது, விசிறியில் இருந்தது. மெமரியில் மட்டும் இல்லை. இப்போது மெமரி விலை தங்கம் மாதிரி ஏறிக் கிடக்கிறது. அந்த ஷா ஆலம் அம்மா கேட்டது கடைசியில் சரியாகவே போய்விட்டது. எதை எடுத்தால் லாபம் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறான்.

உன் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கணினி எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நீயே கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தாயே, அதை நீ முடிக்கவே இல்லையாம். ஊரார் கல்யாணத்தையெல்லாம் முடித்துக் கொடுத்தவள், சொந்த மகள் கல்யாணத்தை "அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாய். அதைத் திறந்தால் பாதியில் உறைந்துவிடுகிறதாம். "ஒரு எடத்துலயும் அவ மொகம் இருக்காது, தெரியும். கேமராவுக்குப் பின்னாலயேதான் நிப்பா. குரலாவது கேக்கும்ல, அதுக்குத்தான்" என்றார். நான் ஸ்குரூவை முறுக்கினேன்.

வீட்டுக்கு வந்து என் கணினியைத் திறந்து, பதினேழில் முடியும் தகட்டைக் கழற்றினேன். அதற்கான வெள்ளி நிறப் பையில் போட்டு, கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் கடைக்காரனுக்கு. நம்ம ஆள்தான். நெற்றியில் விபூதி, வாய் நிறைய ஆன்டி.

"நாங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டோம் ஆன்டி. வந்தப்பவே எட்டுதான் லா."

கொப்பியைக் காட்டினேன். "இது யாரு வேணும்னாலும் எழுதலாம் ஆன்டி" என்றான். ரசீதில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். க்ளீனிங் என்று மட்டும் எழுதுவானாம். பிறகு கொஞ்சம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஆன்டிங்களுக்கு இந்த ரேம் விஷயம்லாம் கொழப்பமா இருக்கும். வீட்டுல படம் பாக்க எட்டே தாராளம்" என்றான்.

அதே வாக்கியம். அன்றைக்கு அந்த மாடியில் கேட்ட அதே வாக்கியம். அன்றைக்குப் பதில் சொல்ல நீ இருந்தாய். எனக்கு உன்னைப்போல் நறுக்கென்று பேச வராது. கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். "செகண்ட் ஹேண்ட்" என்று எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் தட்டில் ஏழெட்டு மெமரித் தகடுகள். மூன்றாவதின் ஓரத்தில் கடுகளவு அரக்கு நிறம்.

"அத எடு" என்றேன்.

"அது வேற கஸ்டமரோடது ஆன்டி."

"எடுன்னா எடு!"

நான் போட்ட சத்தத்தில் கடையில் மடிக்கணினியோடு காத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். கடைக்காரன் எடுத்து வைத்தான். நான் பையிலிருந்து என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் இரண்டு பொட்டு. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து எண்களைச் சத்தமாகப் படித்தார். நீளமான எண், கடைசி இலக்கத்தைத் தவிர இரண்டும் ஒன்றுதான்.

"இது பதினேழு, இது பதினெட்டு" என்றார். பிறகு கடைக்காரனைப் பார்த்து, "என்ன பாஸ் இது?" என்றார். தன் மடிக்கணினியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

கடைக்காரன் விபூதியைத் துடைத்துக்கொண்டு, வேலையாள் தெரியாமல் மாற்றி வைத்திருப்பான் என்றான். கடையில் அவனைத் தவிர வேலைக்கு ஒரு ஈகூட இல்லை. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். போன வாரமே விற்றுவிட்டானாம். யாருக்கு என்று ஞாபகமில்லையாம். செராஸிலோ சுங்கை பூலோவிலோ யாரோ ஒருவர் உன் பொட்டோடு ஐம்பத்து மூன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறார், அது உன்னுடையது என்று தெரியாமலே. அதற்குப் பதிலாகப் பதினாறு ஜிபி ஒன்றை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயே ஒரு கணினியில் மாட்டிக் காட்டச் சொன்னேன். "என்ன ஆன்டி, நம்ப மாட்டீங்களா?" என்றான்.

"தெறந்து காட்டு" என்றேன். அது நான் பேசியது இல்லை, நீ பேசியது. என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு நேரே காப்பார். கடையில் வாங்கிய அந்நியத் தகட்டை உன் கணினியில் போட மனம் வரவில்லை. அதை எனக்கு வைத்துக்கொண்டேன். உன் பதினெட்டையும் என் பதினேழையும் உன் கணினியில் மாட்டினேன். ஜோடியைப் பிரிக்காதீர்கள் என்று அந்த இளைஞன் சொன்னானே, ஐந்து வருடம் கழித்து, நீ இல்லாத வீட்டில், அவன் சொன்னபடி ஜோடி சேர்ந்தது. உன் வீட்டுக்காரரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, ஸ்பெக் காட்டும் பக்கத்தைத் திறந்து, "படிங்க அண்ணே" என்றேன்.

"முப்பத்திரண்டு" என்றார்.

"சத்தமா."

"முப்பத்திரண்டும்மா."

நடந்ததைச் சொன்னேன். அவர் மகள் கல்யாணத்தைத் திறந்தார். உறையாமல் ஓடியது. மண்டப வாசலில் அவர் பட்டுவேட்டியில் கோணலாக நிற்கிறார், படத்துக்கு வெளியேயிருந்து உன் குரல் வருகிறது: "ஏங்க, நேரா நில்லுங்க. தொப்பைய உள்ள இழுங்க." நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் சட்டென்று முதுகை நிமிர்த்தினார். பிறகு சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்து, "சரி, நீ சொன்னது சரிதான்" என்றார்.

முப்பது வருடத்தில் அந்த மனிதர் உன்னிடம் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று நீயே எத்தனை தடவை என்னிடம் குறைப்பட்டிருக்கிறாய்! அவர் சொன்ன அன்று கேட்பதற்கு நீ இல்லை. நாலு நாள் காய்ச்சலோடு உட்கார்ந்து யார் கல்யாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தாயே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உன்னை நாலு அறை விடவேண்டும் போலிருக்கிறது.

இந்தக் குப்பியை அன்றைக்குத்தான் உன் மேசை டிராயரிலிருந்து எடுத்து வந்தேன். கேட்டு எடுக்கவில்லை. இப்போது என் கணினி மேசைமேல் திறந்து கிடக்கிறது. ஐம்பத்து நாலில் பழைய பொட்டு அப்படியே இருக்கிறது. புதிதாக வந்ததில் மட்டும் வைக்க வேண்டும். காய்ந்த நகப்பூச்சை ஊசியால் கிளறி, கொஞ்சம் ஈரமாக எடுத்து வைத்துவிட்டேன். ஊசி வழுக்கியதில் கடுகு மிளகாகிவிட்டது, நீ பார்த்தால் சிரிப்பாய்.

கொப்பியையும் எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் முப்பத்திரண்டு, வலப்பக்கம் முப்பத்திரண்டு. இந்த வருடக் கடைசிக்குள் அறுபத்து நாலுக்கு ஏற வேண்டும் என்று போன தீபாவளிக்கே நான் முடிவு செய்து வைத்திருந்தேன், உன்னிடம் சொல்லாமல், ஒரு நாள் கொமுட்டரில் உன் முகத்துக்கு நேரே சொல்லி வயிறெரிய வைப்பதற்காக. இப்போது ஏற்றினால் யாரிடம் சொல்வது? பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, என் வலப்பக்கத்தை அப்படியே விட்டு மூடிவிட்டேன். உன்னைத் தாண்டிப் போக எனக்கு இஷ்டமில்லை.